பால் கொடுக்கும் முகம்

இந்தத் திங்கட்கிழமை காலை, எங்கள் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில், கார்தெரி எனும் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் என் அக்காவோடு நின்றுகொண்டிருந்தேன். பிள்ளை பராமரிக்கும் பெண்ணின் மடியில் அக்காவின் ஆறு மாத மகன். பசியில் அழுதான்; ஆனால் போத்தலை நீட்டினால் வாயை இறுக மூடிக்கொண்டான்.

புதன்கிழமை அக்கா வேலையில் சேர வேண்டும் — துறைமுகத்தருகே ஒரு களஞ்சியம். சேரும் நாளை ஏற்கெனவே ஒருமுறை தள்ளித் தந்துவிட்டார்கள். பிள்ளை குடிக்காவிட்டால் வைத்திருக்க இயலாது என்று அந்தப் பெண்ணும் மென்மையாகச் சொல்லிவிட்டார்.

ஏன் குடிக்க மறுத்தான்? விடை, சென்ற மாதம் தமிழ்ச் சங்கம் நடத்திய பட்டிமன்ற மேடையில் இருக்கிறது. ‘பாசம் என்பது பழக்கமே’ என்ற அணிக்கு நானே தலைவன். பசி வருகிறது, பால் வருகிறது, பாலோடு ஒரு முகமும் குரலும் வருகின்றன. இது நாள்தோறும் நிகழ நிகழ, பால் இல்லாதபோதும் அந்த முகமே ஆறுதலாகிறது. அதற்குத்தான் அன்பென்று பெயர் சூட்டினோம் — என்று முழங்கினேன். அரங்கம் அதிர்ந்தது.

முன்வரிசையில் இருந்த அக்காவோ அதிர்ந்துபோனார். வேறொரு முகத்தோடு மகன் ஒட்டிவிடுவானோ? அன்றிலிருந்து அத்தானிடம்கூடப் போத்தலைக் கொடுக்காமல் தானே பால் கொடுத்தார்.

“நீதானே தம்பி சொன்னனி, பால் குடுக்கிற ஆளோடதான் பிள்ளை ஒட்டுமெண்டு?” என்றார் காரில். “இப்ப ஒருத்தரிட்டையும் குடிக்கிறானில்லை. என்ன செய்ய, சொல்லு.”

வெல்வதற்காகப் பேசிய பேச்சை ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோவார் என்று யார் நினைத்தது?

பழகிய முகத்தோடு புதிய முகத்தையும் சேர்த்துக் காட்டுவோம் என்றேன். மறுநாள் அந்தப் பெண் போத்தலைப் பிடிக்க, அக்கா அருகிலிருந்து கதைத்தார். மகன் அக்காவைப் பார்த்தான். பிறகு அந்தப் பெண்ணை... வாய் திறந்தது. அக்கா மெல்ல எழுந்து வெளியே வந்தார். அவன் நிறுத்தவில்லை.

“என்னைப் பாக்கிற மாதிரியேதான் அவவையும் பாக்கிறான், என்ன?”

பழக்கம்தான் அக்கா என்று தேற்ற முயன்றேன்.

“எனக்கும் அவனில பழக்கம்தானே. பிறகேன் இப்பிடி நோகுது?”

இன்று புதன். அக்கா வேலைக்குப் போய்விட்டார். கார்தெரியிலிருந்து வீட்டு ஆன்சரிங் மெஷினில் பிரெஞ்சில் ஒரு செய்தி: பிள்ளை நன்றாகக் குடித்தான், அழவேயில்லை, சிரித்துக்கொண்டிருக்கிறான்.

அக்கா வருவதற்குள் அதை அழித்துவிடவா... கேட்கட்டும் என்று விட்டுவிடவா?