யாரு வீட்டுப் பொண்ணு நீ?

"யாரு வீட்டுப் பொண்ணு நீ? இரு, சொல்லாத. நானே சொல்றேன்" என்று யோருன் கரண்டியைத் தூக்கிவிட்டாள். வாஃபிள் மாவு அடுப்பின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. எதிரே நின்ற பெண் அன்று காலையில்தான் வந்திருந்தாள். ஒரு காலில் வீட்டுச் செருப்பு, இன்னொரு காலில் மகனுடைய ரப்பர் காலணி. மழையில் அப்படியே ஓடி வந்திருக்கிறாள். அதையெல்லாம் யோருன் பார்க்கவில்லை. மூக்கைத்தான் பார்த்தாள்.

"மூக்கு ஹௌகன் பண்ணை மூக்கு. பேச்சுல அந்த இழுவை உள்பக்கத்துக் கரையில மட்டும்தான் இருக்கும். அப்ப நீ கிறிஸ்தீனோட மூணாவது. சரியா?"

சரிதான். அந்தப் பெண் சாயங்காலம் வரை பெட்டியைத் திறக்கவில்லை, கோட்டையும் கழற்றவில்லை. மறுநாள் வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

வீட்டில் அடி வாங்கிய பெண்கள் பிள்ளைகளோடு வந்து தங்குகிற காப்பகம் அது. ஓர்னவிக் என்ற சிற்றூரில் பழைய பல் வைத்தியர் வீடு. மஞ்சள் வண்ணம், வாசலில் பலகை கிடையாது. யாரும் யாரையும் யாருடைய மகள் என்று கேட்பதில்லை என்பது அங்கே முதல் விதி. மலைகளுக்கிடையே கடல் புகுந்த அந்த ஃபியோர்டின் இரு கரையிலும் சேர்த்து ஒன்பதாயிரம் பேர்தான். ஒருவரை இழுத்தால் நாற்பது பேர் கூடவே வருவார்கள். அதனால்தான் அந்த விதி. அப்படிப்பட்ட வீட்டுக்கு, அந்த ஒன்பதாயிரம் பேரையும் கிளை கிளையாக மனப்பாடம் செய்து வைத்திருக்கும் ஒருத்தியைத் தேடிப்பிடித்து அனுப்பியது வேலைவாய்ப்பு அலுவலகம். மீன் ஆலை மூடிவிட்டது. முப்பத்தொரு வருடம் கத்தியோடு நின்றவள் ஐம்பத்தொன்பது வயதில் சும்மா இருக்கிறாள். பன்னிரண்டு வாரப் பயிற்சி கொடுத்துப் பாருங்கள் என்று காகிதம் வந்தது. 'மக்களோடு பழகும் திறன்: மிக நன்று' என்று அதில் எழுதியிருந்தது. எழுதியவர் யோருன் பக்கத்தில் ஒரு பத்து நிமிடமாவது உட்கார்ந்திருக்க மாட்டார்.

அவளைத் தேற்றிவிடும் பொறுப்பு சில்யெ தலையில் விழுந்தது. சில்யெவுக்கு முப்பத்துநான்கு வயது. அந்த வீட்டில் எட்டு வருட வேலை. சிரிப்பதற்கு முன்னால் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கிறவள். யோருன் வந்த முதல் வாரத்திலேயே மதிப்பீட்டுத் தாளில் மூன்று கட்டங்களில் 'போதாது' என்று குறித்துவிட்டாள். நான்காவது கட்டத்தைப் பரிதாபப்பட்டு விட்டுவைத்திருந்தாள்.

யோருனுக்கு அங்கே கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு வாக்கியம். தொலைபேசியில் யார் கேட்டாலும், வாசலில் யார் நின்றாலும், அதைத்தான் சொல்ல வேண்டும்: இங்கே யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதை நாங்கள் சொல்வதில்லை. குழந்தை கூட ஒரு தடவையில் சொல்லிவிடும். யோருனுக்கு ஐந்து வாரமாகியும் வரவில்லை. வாக்கியம் வந்துவிடும், முடிவதுதான் வராது.

"இங்க யார் இருக்காங்க, யார் இல்லங்கறத நாங்க சொல்றதில்ல. ஆனா நீங்க யாரு பேசுறது? குரல் லீன்விக் ஆளு மாதிரி இருக்கே. உங்கப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆச்சே, இப்ப நடக்குறாரா?"

மறுமுனையில் பேசியது தண்ணீர்க் குழாய் பழுதுபார்ப்பவன். பேர் சொல்லாமல் வைத்துவிட்டான்.

"வாலை வெட்டுங்க, யோருன்" என்பாள் சில்யெ.

"வெட்டிட்டா மரியாதையா இருக்குமா பொண்ணே? மூஞ்சில கதவச் சாத்துற மாதிரி இருக்கு."

"சாத்தத்தான் வச்சிருக்கோம் கதவு."

சமையலறை சன்னலோரம் ஒரு பழைய கேக் டப்பா உண்டு. மூடியில் பனிச்சறுக்கு வண்டிப் படம், அதன் சிவப்பு பாதி உரிந்துவிட்டது. வேலைக்கு வருகிறவர்கள் கைபேசியை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எட்டு வருடத்தில் அந்த டப்பாவை மதிக்காத ஒரே ஆள் யோருன். அவளுடைய கைபேசி ஏப்ரன் பையில்தான் கிடக்கும். பத்தரை அடித்தால் அக்கா க்ளாரா கூப்பிடுவாள். "எடுக்கலன்னா அவ ஆம்புலன்ஸ அனுப்பிடுவா" என்று சொல்லி முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள். அதன் பிறகு இருபது நிமிடம் ஓர்னவிக்கில் நடந்த சாவு, கல்யாணம், கர்ப்பம், கடன் எல்லாம் அந்தச் சமையலறை வழியாகப் போய்வரும்.

அவள் வைத்தியம் இரண்டே இரண்டு. ஒன்று வாஃபிள். பழுப்புச் சீஸ் கட்டியை நடுவில் மட்டும் சீவிச் சீவிப் பள்ளமாக்கிவிட்டு, அந்தச் சீவலை இதயவடிவ வாஃபிள்மேல் வைத்து மடித்து, அழுகிறவள் வாயருகே நீட்டுவாள். இரண்டாவது வம்சம். எந்தப் பெண்ணும் தன் புருஷன் பெயரைச் சொல்லிவிட்டால் போதும்.

"அவனா? அவன் தாத்தாவே கை நீட்டுற ஆளு. ரத்தத்துல வர்றது. நீ என்ன செய்வ."

அவள் கணக்கில் ஃபியோர்டுக் குடும்பங்கள் இரண்டே வகை. கை நீட்டுகிற குடும்பம், நீட்டாத குடும்பம். எதிர்க்கரையில் பாதி முதல் வகை. தன்னுடையது, கேட்கவே வேண்டாம், இரண்டாவது வகை.

"எங்கப்பாவுக்குக் கோபம் வந்தா கதவத்தான் அடிப்பாரு, ஆள அடிக்க மாட்டாரு. க்ளாராவோட பையன் ஃப்ரூதெ இருக்கானே, நான்தான் அவனுக்கு ஞானத்தாய். ஞானஸ்நானத்தன்னிக்குக் கோயில்ல கையில ஏந்திட்டு நின்னேன். தலையில தண்ணி விட்டா எந்தப் பிள்ளையும் அழும். அவன் சிரிச்சான். ஈ எறும்புக்குக் கூட..."

இந்த ஈ எறும்பை சில்யெ ஐந்து வாரத்தில் பதினோரு தடவை கேட்டிருந்தாள்.

ஆறாவது வாரம் திங்கட்கிழமை காலை மோனா வந்தாள். ஐந்து வயது மகள் தீரில் முன்னால் ஓடி வந்தது, வாஃபிள் வாசனையைப் பிடித்துக்கொண்டு. சமையலறை வாசலில் நின்று, "யோருன் பாட்டி" என்று கத்திக்கொண்டே போய் ஏப்ரனைக் கட்டிக்கொண்டது. பின்னால் வந்த மோனா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஃப்ரூதெவின் மனைவி.

யோருனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அட மோனா, நீ எங்க இங்க? ஃப்ரூதெ எங்க, கார நிறுத்துறானா?"

எந்த வீட்டில் நின்றுகொண்டு என்ன கேட்கிறோம் என்பது அவளுக்கு அப்போதும் உறைக்கவில்லை. மோனா சுவரை விட்டு நகரவில்லை. அதன் பிறகுதான் மெதுவாக, "ஃப்ரூதெயா? அவன் ஈ எறும்புக்குக் கூட..." என்று ஆரம்பித்தாள்.

மோனா வாதாடவில்லை. முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினாள். கம்மல் போடுகிற இடம் கிழிந்து தையல் போட்டிருந்தது. காதுக்குப் பின்னால் கழுத்து வரைக்கும் மஞ்சளும் நீலமுமாக இருந்தது. யோருனின் வாக்கியம் எறும்போடு நின்றுவிட்டது. வாஃபிள் கருகி, புகை எழுந்து, கூரையில் இருந்த அபாயமணி அலறிய பிறகும் அவள் அடுப்புப் பக்கம் திரும்பவில்லை. ஒரு தடவை வாயை மூடியதற்கு ஒரு தட்டு வாஃபிள் செலவு என்று நினைத்துக்கொண்டே சில்யெதான் நாற்காலி போட்டு ஏறி மணியை நிறுத்தினாள்.

அலுவலக அறையில் மோனா கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். "நான் ட்ரோண்ட்ஹெய்ம்ல தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இந்த ஊருலயே இருக்கேன்னு அவருக்குத் தெரியாது. யோருன் சித்தி பாத்துட்டாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சா க்ளாராவுக்குத் தெரியும். க்ளாராவுக்குத் தெரிஞ்சா அவருக்குத் தெரியும். ஒரு காபி ஆறுறதுக்குள்ள தெரிஞ்சுடும். இந்தத் தடவை காதோட விடமாட்டாரு."

இரண்டு படகு மாறிப் போகிற தூரத்தில் இன்னொரு காப்பகம். அங்கே வியாழக்கிழமைதான் அறை காலியாகிறது. நடுவில் மூன்று நாள். காப்பகத் தலைவிக்கு சில்யெ செய்தி அனுப்பினாள். தலைவி ஓஸ்லோவில், நம்பிக்கையை வளர்ப்பது எப்படி என்ற கருத்தரங்கில் இருந்தாள். 'உன் முடிவை நம்புகிறேன்' என்று பதில் வந்தது, பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம்.

யோருனை அந்த நிமிடமே வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் சில்யெ நினைத்தாள். ஆனால் வாயும் அவளோடுதான் போகும். போய் உட்காருமிடம் க்ளாராவின் சமையலறையாக இருக்கும். இங்கேயே இருந்தால் கண்ணெதிரிலாவது இருக்கும். காலை எட்டு மணி முதல் மாலை வரை பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். மாலையில் யோருன் வீட்டுக்குப் போன பிறகு அக்காவிடம் என்ன பேசுவாள் என்பதை யோசிக்காமல் இருக்கப் பார்த்தாள்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பத்தரைக்குக் கைபேசி அடித்தது. "டப்பாவுல போடுங்க" என்றாள் சில்யெ. "எடுக்கலன்னாதான் சந்தேகம் வரும்" என்று யோருன் எடுத்துவிட்டாள். சில்யெ கைகட்டி எதிரிலேயே நின்றாள். க்ளாராவின் குரல் மேசைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. மோனா தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காளாம், ஒரு வார்த்தை சொல்லாம போயிருக்கா பாரு. "அப்படியா" என்றாள் யோருன். கழுத்திலிருந்து சிவப்பு ஏறிக்கொண்டே போனது. உடனே உருளைக்கிழங்கு விலைக்குத் தாவினாள். அங்கிருந்து எவருடைய சவ அடக்கத்துக்கோ போனாள். சில்யெவுக்கு அதில் ஒரு மதிப்பும் பிறக்கவில்லை. வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு சிரிக்காமல் இருக்கப் பார்க்கிற பிள்ளையைப் போல இருந்தது அவளுக்கு.

புதன்கிழமை சாமான் வாங்குகிற நாள். யோருனோடு தனியாக வீட்டில் இருக்க மாட்டேன் என்று மோனா சொல்லிவிட்டதால் சில்யெ யோருனையும் கடைக்குக் கூட்டிப் போனாள். மாற்று ஆளை வீட்டில் நிறுத்தினாள். கடையிலும் யோருனின் தொழில் நிற்கவில்லை. கல்லாவில் இருந்த பெண்ணின் நெற்றியை வைத்து அவள் பெரியப்பாவைக் கண்டுபிடித்தாள். ஐந்து கிலோ உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கித் தள்ளுவண்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது எதிரே ஃப்ரூதெ நின்றான்.

அவனைப் பார்த்தால் யாருக்கும் பிடித்துவிடும். பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறவன். சுத்தமான சட்டை. குரலே உயராது.

"சித்தி. மோனா தங்கச்சி வீட்டுல இல்ல. போன் பண்ணிப் பாத்துட்டேன். அம்மா ராத்திரியிலேர்ந்து அழுதுட்டே இருக்காங்க. நீங்க அந்த வீட்டுலதானே வேல செய்றீங்க. அங்க இருக்காளான்னு மட்டும் சொல்லுங்க. நான் வரமாட்டேன். நல்லா இருக்கான்னு தெரிஞ்சா போதும்."

சில்யெ வாயைத் திறப்பதற்குள் யோருன் பேசிவிட்டாள்.

"இங்க... அங்க யார் இருக்காங்க, யார் இல்லங்கறத நாங்க சொல்றதில்ல."

வாலுக்காக சில்யெ காத்திருந்தாள். வரவில்லை.

ஃப்ரூதெ சிரித்தான். "நான் ஃப்ரூதெ, சித்தி. யாரோ வெளியாள்கிட்ட பேசுற மாதிரி பேசுறீங்க."

"அங்க யார் இருக்காங்க, யார் இல்லங்கறத நாங்க சொல்றதில்ல."

"என்னைக் கையில ஏந்திட்டு நின்னது நீங்கதானே. எத்தன தடவ சொல்லியிருக்கீங்க. தீரில் என் பொண்ணு. ஆமான்னு தலைய ஆட்டுங்க, அது போதும்."

யோருன் தலையை ஆட்டவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை. அவன் கை வண்டியின் விளிம்பைப் பிடித்திருந்தது. பேச்சு மெதுவாகத்தான் இருந்தது, ஆனால் விரல் மூட்டெல்லாம் வெளுத்திருந்தது. கட்டைவிரல் மட்டும் தனியாக விலகி, வெளிப்பக்கமாக வளைந்து நின்றது. வாழ்நாள் முழுக்க மூக்கையும் நெற்றியையும் பார்த்து வம்சம் சொன்னவள் அந்தக் கட்டைவிரலை வெகுநேரம் பார்த்தாள். அது யாருடைய விரல் என்று சில்யெவுக்குத் தெரியாது. பிறகு யோருன், "அப்பா அடிச்ச கதவு" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. அதற்குப் பிறகு சத்தமாக, "கையை எடு" என்றாள்.

அவன் எடுத்தான். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். "அம்மாகிட்ட சொல்றேன்" என்று சிரித்தபடியே சொல்லிவிட்டுப் போனான்.

காரில் அவன் பின்னால் வருகிறானா என்று கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, சில்யெ ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்தாள். இருபது நிமிடம். வழியில் எத்தனையோ பண்ணை வீடுகள் வந்தன. ஒன்றிலும் யார் இருக்கிறார், யாருக்கு யார் பிறந்தார் என்று யோருன் சொல்லவில்லை. மழைதுடைப்பான் மட்டும் போய்ப் போய் வந்தது.

சமையலறையில் மோனா தீரிலுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். சில்யெ நடந்ததை இரண்டு வரியில் சொன்னாள். மோனா பின்னுவதை நிறுத்தி யோருனைப் பார்த்தாள். நம்பியதாகவும் தெரியவில்லை, நம்பாததாகவும் தெரியவில்லை. யோருன் உருளைக்கிழங்கு மூட்டையை இறக்கிவைத்து, ஏப்ரனைக் கட்டி, கத்தியை எடுத்து உட்கார்ந்தாள். பத்தரை மணிக்கு ஏப்ரன் பை அடித்தது.

முதல் மணி போயிற்று. இரண்டாவது, மூன்றாவது. யோருன் கைபேசியை வெளியே எடுத்தாள். திரையில் க்ளாரா, கோடைவீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நின்றது. உடனே மறுபடி அடித்தது. ஃப்ரூதெ சொல்லிவிட்டிருக்கிறான். மோனாவின் விரல்கள் மகளின் முடியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றன.

யோருன் எழுந்து சன்னலோரம் போனாள். கேக் டப்பாவின் மூடி இறுகியிருந்தது, கத்தி முனையால் நெம்பித் திறந்தாள். அடித்துக்கொண்டிருந்ததை உள்ளே மற்றவர்களுடையதோடு போட்டாள். மூடியை உள்ளங்கையால் சுற்றிலும் அமுக்கினாள். தகரத்துக்குள்ளிருந்து சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது. டப்பா அதிர்ந்து அதிர்ந்து சன்னல் விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அவள் திரும்பி வந்து ஐந்து கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் டப்பாவின் மேல் வைத்தாள்.