இந்தியா லயம்

ஈப்போவில் நான் வழக்கமாகப் போகும் அருங்காட்சியகத்துக்குள் நுழையக் காசு வேண்டாம். வாசலில் ஒரு மேசை, மேசைமேல் நீளமான ஒரு நோட்டு, நூலில் கட்டிய ஒரு பேனா. பெயரை எழுதி, எதிரே நாட்டை எழுதினால் உள்ளே போகலாம். முதல்நாள் அங்கே உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெரியவர் என் முகத்தைப் பார்த்து “புந்தோங்?” என்று கேட்டார். ஈப்போவில் தமிழர்கள் நிறைந்த பகுதி அது. குடியிருப்பது அங்கேதான் என்பதால் தலையாட்டினேன். அவரே பேனாவை வாங்கி என் பெயருக்கு எதிரே ‘மலேசியா’ என்று எழுதிவிட்டார். பிறகு மாடியைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். மலாய் புரியாவிட்டாலும் விடுவேனா, எல்லாவற்றுக்கும் “யா, யா” என்றேன். மாடிக்கு ஏறிப்போய் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றபோதுதான், மாடி மூடியிருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறார் எனத் தெரிந்தது. அடுத்த வாரத்திலிருந்து நானே ‘இந்தியா’ என்று எழுதத் தொடங்கினேன்.

மன்னார்குடியில் நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள் நான். குமரனைக் கல்யாணம் செய்துகொண்டு புந்தோங்குக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. அவர் லாரி ஓட்டுகிறார், விடிவதற்குள் கிளம்பிவிடுவார். எனக்குக் கொடுத்திருக்கும் விசாவில் வேலைக்குப் போக முடியாது. வீட்டில் உட்கார்ந்து சுவரை எத்தனை நாள் பார்ப்பது? எலுமிச்சைச் சோற்றை டப்பாவில் அடைத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலோடு டவுன் பஸ் ஏறிவிடுவேன். மதிய வெயிலில் அருங்காட்சியகத்தின் குளிர், காலையிலும் மாலையிலும் பழைய டவுன் சந்துகள். சுவர்களில் ஆள் உயரத்துக்கு வரைந்திருக்கிறார்கள்: காப்பி குடிக்கும் கிழவர், மூன்று சக்கர வண்டி, பறக்கும் குருவிகள். மழை பெய்து விட்டதும் அந்த ஓவியங்கள் ஈரத்தில் கருத்து, கொஞ்ச நேரத்துக்கு உயிரோடு நிற்பதுபோல் இருக்கும். சந்தின் முடிவில் சுண்ணாம்புக் குன்றுகள் புகைமூட்டத்தில் பாதி தெரியும், பாதி தெரியாது. நான் நடப்பதே எனக்குக் கனவில் நடப்பதுபோல இருக்கும். தஞ்சாவூர் அரண்மனைக்குப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப்போய், “தொடாதே, தொடாதே” என்று கத்திக்கொண்டே சிலைகளைக் காட்டிய நாட்கள் நினைவுக்கு வரும். அப்போது ஒரு சிலையையும் நான் நிதானமாகப் பார்த்ததில்லை. இங்கே எல்லாவற்றையும் பார்க்கிறேன், “மிஸ், இது என்ன?” என்று கேட்கத்தான் யாரும் இல்லை.

அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்துதான் போன வருடம் ஒரு செய்தி வந்தது. என் பழைய இடம் காலியாகிறதாம், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். நான் குமரனிடம் சொல்லவில்லை. ஆறேழு நாட்கள் அந்தச் செய்தியைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தேன். ஒருநாள் அருங்காட்சியகத்தில் ஒரு படத்துக்கு முன்னால் நின்றுவிட்டேன். ரப்பர்த் தோட்டத்து லயம், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய கூலிக்காரர் வீடுகள். வாசலில் நிற்கிறவர்களுக்குப் பெயர் போடவில்லை. குமரன் இப்படி ஒரு லயத்தில்தான் பிறந்தார், லகாட் என்ற ஊருக்கு அப்பால். கூட்டிப்போகச் சொல்லி எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். “அங்க ஒண்ணுமே இல்லலா. எங்க லயத்தயே இடிச்சிட்டாங்க, என்னாத்த பாக்கப் போற?” என்பார், இங்கத்து ஆட்களைப்போலப் பேச்சின் கடைசியில் ஒரு ‘லா’ போட்டு. ஊருக்குத் திரும்புவதென்றால், அதற்கு முன் அதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. சொல்லாமல் கிளம்பினேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி வெகுதூரம் நடந்தேன். இருபுறமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை, ரப்பர் மரம் ஒன்றுகூட மிச்சமில்லை. ஒரு மாரியம்மன் கோயில், அதன் பக்கத்தில் தப்பித்த ஒரே ஒரு லயம். முதல் வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே சுவர் முழுக்கப் பழைய புகைப்படங்கள், ஆணியில் ரப்பர் பால் வெட்டும் கத்தி, பால் பிடிக்கும் பீங்கான் மங்குகள் வரிசையாக. வாசலில் மேசை, அதில் நீளமான நோட்டு, நூலில் கட்டிய பேனா. இப்படியும் ஒரு இலவச அருங்காட்சியகமா என்று எனக்கு ஒரே சந்தோஷம். செருப்பைக் கழற்றிவிட்டு, திறந்திருந்த புதுப் பக்கத்தில் என் பெயருக்கு எதிரே ‘இந்தியா’ என்று எழுதினேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தபடி அடுப்படி வரை போய்விட்டேன். பழைய கால அடுப்பை எவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்கள் என்று குனிந்தால், அதன்மேல் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

கரண்டியோடு ஒரு அம்மாள் பின்வாசல் வழியாக வந்தார். ஐம்பது வயதிருக்கும். பெயர் தனம் என்பது பிறகு தெரிந்தது.

“யாரும்மா? பேரு குடுக்க வந்தியா?”

“இல்லீங்க, சும்மா பாக்க வந்தேன். இது மியூசியம்தானே?”

“மியூசியமா?” அவர் சிரித்த சிரிப்பில் குழம்பே மறந்துபோயிற்று. “நான் இன்னும் சாகலலா!”

மானம் போனது. செருப்பைத் தேடி ஓடப்பார்த்தேன். அதற்குள் அவர் வாசலுக்கு வந்து நோட்டைப் புரட்டிக் காட்டினார். முதல் பக்கத்தின் தலைப்பில் மட்டும் எழுதியிருந்தது: ‘திருவிழா பால்குடம் – பெயர் – லயம்.’ தோட்டம் கைமாறி ஆட்கள் திசைக்கொன்றாகப் போனாலும், திருவிழாவுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே வந்து பேர் எழுதி, எந்த லயத்து ஆள் என்று குறித்துவிட்டுப் போவார்களாம். நான் எழுதியதைப் பார்த்து அவர் நெற்றியைச் சுருக்கினார்.

“இந்தியா லயமா? அப்படி ஒரு லயம் நம்ம தோட்டத்துல இல்லயே.”

“தெரியாம எழுதிட்டேன் அக்கா, அடிச்சிடுங்க.”

“அம்மன் நோட்டுல எழுதினத அடிக்கிறதாவது! எழுதியாச்சுன்னா குடம் எடுக்கணும். நீ யார் வீட்டுப் பொண்ணு?”

குமரன் பெயரையும், இறந்துபோன மாமனார் பெயரையும் சொன்னேன். அவர் கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மூணாம் லயத்து முனியாண்டி அண்ணே மருமவளா நீ? அந்தப் பையன் இங்கிட்டு வந்து எத்தன வருஷமாச்சு!”

“அப்ப மூணாம் லயம்னு மாத்தி எழுதிடவா அக்கா?”

“வேணாம். மூணாம் லயத்த இடிச்சு மட்டமாக்கிட்டாங்க. இல்லாத லயத்துக்குத்தான் பாதிப் பேரு வந்து எழுதுறாங்க. இந்தியா லயமும் ஒண்ணு இருந்துட்டுப் போவட்டும். உக்காரு, சாப்பிட்டுப் போலாம்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இங்கே வந்ததிலிருந்து, வாயைத் திறந்த உடனே “ஊர்க்காரப் பொண்ணா?” என்று, அதாவது இந்தியாவிலிருந்து வந்தவளா என்று, கேட்காதவர்கள் இல்லை. கேட்டுவிட்டு உட்காரச் சொன்னவர்கள் குறைவு.

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் குமரனிடம் கொட்டினேன். மியூசியம் என்று நினைத்ததைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். பள்ளிக்கூடத்துச் செய்தியைக் காட்டினேன், சிரிப்பு நின்றது. போனை வாங்கி இரண்டு முறை படித்தார்.

“போணும்னா போ மேகலா. நான் மறிக்க மாட்டேன்.” பிறகு, “ஆனா பேரு எழுதிட்டியே,” என்றார்.

“எழுதிட்டேன்.”

“அப்ப நானும் வாரேன். எனக்கும் ஒரு குடம் எழுதச் சொல்லு.”

மாதக் கடைசியில், இந்த வருடம் வர இயலாது என்று பள்ளிக்கூடத்துக்குப் பதில் எழுதினேன். துணிந்து எடுத்த முடிவு என்று சொல்ல மாட்டேன். பாதி அம்மன் மேலிருந்த பயம், பாதி அந்தக் குழம்பு. அனுப்பியபின் என் வகுப்பறையின் ஜன்னலை நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

திருவிழா அன்று கோயிலைச் சுற்றிக் கார் நிறுத்த இடமில்லை. மஞ்சள் உடுத்திய கூட்டம், பனிபோல் தூறல். நோட்டைப் பார்த்து ஒருவர் மைக்கில் வாசித்தார். “முதல் லயம், சரஸ்வதி! மூணாம் லயம், கணேசன்!” மூன்றாம் லயம் இருந்த இடத்தில் செம்பனை அடர்ந்து நின்றது. குமரன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முறை எனக்குப் பின்னால். மைக் ஒரு நிமிடம் தடுமாறியது.

“இந்தியா லயம்... மேகலா?”

கூட்டம் சிரித்தது. “அது எங்கலா இருக்கு?” என்று யாரோ கத்தினார்கள்.

“இருக்குலா, நீ பேர வாசி!” தனம் அக்கா எங்கிருந்தோ பதில் கொடுத்தார்.

குமரன் குடத்தைத் தூக்கி என் தலைமேல் வைத்தார். பால் தளும்பிக் காதோரம் சில்லென்று வழிந்தது.

“இந்தியா லயம்!” மைக் மறுபடி கூப்பிட்டது.

“இதோ வாரேன்,” என்றேன்.