கும்ரான் அக்காவின் தம்பி தொலைந்து போகவில்லை

பூசான் கடலோரத்தில், யோங்தோ மலைச்சரிவில் ஏறி இறங்கும் சின்ன பஸ்களை ஓட்டுகிறவர்களில் கும்ரான் அக்காவிடம் மட்டும் யாரும் வம்பு வைத்துக்கொள்ள மாட்டார்கள். வளைவில் காரைக் குறுக்கே நிறுத்துகிறவனை இறங்கிப் போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மறுபடி ஸ்டியரிங்கைத் தொடுவார். அதே தடத்தில் நானும் வெகுகாலமாக ஓட்டுகிறேன். அவரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், கோபம்தான். வேறொன்றும் இல்லை.

அப்பா அம்மா சீக்கிரமே போய்விட, தம்பி மான்சிக்கை வளர்த்தது அக்காதான். பூசானில் நாலு பையன்கள் சேர்ந்து ‘உப்புக் கிடங்கு’ என்று ஒரு ராக் குழு ஆரம்பித்தபோது அதில் கிதார் வாசித்தவன் மான்சிக். பாட்டுகளில் பாதிக்கு மெட்டுப் போட்டவனும் அவனே. நாலு பேருக்கும் கட்டாயமாக ரெண்டு வருஷம் ராணுவத்துக்குப் போகிற வயது வந்தது. ஒன்றாகப் போனால் குழு கலைந்துவிடும், ஒருவர் பின் ஒருவராகப் போவோம் என்று பேசி, யார் முதலில் என்று பார்க்க அக்கா வீட்டு வாசலில் நின்று கல், கத்தரி, காகிதம் விளையாடினார்கள். மான்சிக் தோற்றான்.

பாடகன் கிபோம் அவன் தோளைக் கட்டிக்கொண்டு, “நீ வர்ற வரைக்கும் உன் இடத்துல ஒருத்தன் நிக்க மாட்டான்டா” என்றான். உள்ளே எல்லோருக்கும் நூடுல்ஸ் கொதிக்கவைத்துக்கொண்டிருந்த அக்கா அதைக் காதால் கேட்டார்.

முதல் விடுப்பில் வந்த மான்சிக், பஸ் நிலையத்து டிவியில் தன் குழுவைப் பார்த்தான். மெட்டு அவனுடையது. அவன் இடத்தில் நின்றவன் வேறு யாரோ, பார்க்க லட்சணமான ஒரு பையன். சியோலில் ஏதோ கம்பெனி அவர்களை எடுத்துக்கொண்டதாம். இவனுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராணுவம் முடித்து வந்தவன் ஒரு சீன உணவகத்துக்கு பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தான். ஒரு மழை நாளில் லாரியில் அடிபட்டுப் போய்ச்சேர்ந்தான். இழவு வீட்டுக்குக் குழுவின் பேரில் ஒரு மலர்வளையம் வந்தது. ஆள் யாரும் வரவில்லை.

மான்சிக்குக்கு வாசிப்புப் போதாது, அதனால்தான் கழற்றிவிட்டார்கள் என்று எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சைத்தான் அக்காவால் தாங்க முடியாது. அது பொய் என்று அந்தக் குழுவில் ஒருத்தன் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

போன வருஷம் ஒரு இயக்குநர் போன் செய்தார். குழுவின் ஆரம்ப நாட்களைப் பற்றிப் படம் எடுக்கிறார்களாம். மான்சிக்கின் திவசத்துக்கு வந்து கும்பிட வேண்டும் என்று கிபோம் ஆசைப்படுகிறாராம். ஆனால் அந்தத் தேதியில் அவருக்கு வெளிநாட்டுக் கச்சேரி, ஒரு மாதம் முன்னதாக வைத்துக்கொள்ள முடியுமா? வழக்கம்போல ராத்திரி வேண்டாம், வெளிச்சம் பற்றாது, மத்தியானம் வைத்தால் நல்லது. இதற்கு அக்கா சரி என்றுவிட்டார்.

“செத்த நாள் வர்றதுக்கு முன்னாடியே திவசமா? புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா அக்கா?” என்று நான் கத்தினேன்.

“மன்னிப்புக் கேக்கத்தான்டா வர்றான். என்னைக்குக் கேட்டா என்ன?”

அன்று அக்கா விடிவதற்கு முன்பே எழுந்து படையலுக்கு மீன் சுட்டார், முள்ளங்கி போட்டு மாட்டிறைச்சி சூப் வைத்தார், பேரிக்காயின் தலையைச் சீவி அடுக்கினார். கிபோம் கறுப்புக் கோட்டில் வந்து, மான்சிக்கின் படத்துக்கு முன்னால் இரண்டு தடவை விழுந்து கும்பிட்டான். எங்கள் வழக்கத்தில் இறந்தவருக்கு இரண்டுதான். “சார், கதவுகிட்டேருந்து இன்னொரு வாட்டி” என்றார் இயக்குநர். மறுபடி கும்பிட்டான். பிறகு பக்கவாட்டிலிருந்து எடுக்க இன்னொரு வாட்டி. மூன்று தடவை கும்பிட்டால் அது புத்தருக்கு. இவன் கும்பிட்ட கும்பிடுக்கு எந்தச் சாமி என்று எனக்குத் தெரியவில்லை. ஆவி பறக்க வேண்டுமாம், அக்கா சூப்பை வேறு திரும்பத் திரும்பச் சூடு பண்ணிக்கொண்டு வந்தார். எனக்கு வாய் துறுதுறுத்தது. அக்கா ஒரு முறை முறைத்தார், அடங்கிவிட்டேன்.

எல்லாம் முடிந்ததும் அக்கா அவன் எதிரில் உட்கார்ந்தார். “ஏன்டா காத்திருக்கல?”

கிபோம் உடைந்துபோனான். “தப்புதான் அக்கா. அவன் மூஞ்சி எடுபடாதுன்னு கம்பெனிக்காரன் சொன்னான். நாங்களும் தலையாட்டிட்டோம். அவனை மாதிரி வாசிக்க எங்கள்ல யாரு இருந்தா? நாங்கதான் அவனை விட்டுட்டுப் போனோம்.” கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அவனுக்குச் சோறு போட்டு, மிச்சமிருந்த பலகாரத்தையும் கட்டிக் கொடுத்தனுப்பினார். அந்த வாரம் முழுக்க பஸ்ஸில் பாட்டு முணுமுணுத்தார்.

இயக்குநரும் கிபோமும் வந்திருக்க, நம்போதோங் தியேட்டரில் படத்தின் முதல் காட்சி போட்ட அன்று அக்கா தலைமுடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வந்திருந்தார். திரையில் கிபோம் ஒரு கடற்கரையில் நின்று சொன்னான்: “ராணுவத்துக்குப் போன மான்சிக், கொஞ்சம் கொஞ்சமா இசையை விட்டே விலகிட்டான். நாங்க அவனைத் தொலைச்சிட்டோம்.” உடனே அக்கா வீட்டுக் கூடம் வந்தது. கிபோம் அழுகிறான். வாய் அசைகிறது, பேச்சு இல்லை, அதன் மேல் பியானோ. சுற்றிலும் மூக்கை உறிஞ்சும் சத்தம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனைத் தள்ளிவிட்டதும் இவர்கள், இப்போது அவன் பேரைச் சொல்லி ஊரை அழவைக்கிறதும் இவர்களா?

விளக்குப் போட்டதும் அக்கா இயக்குநரிடம் போனார். “அவன் சொன்னது எங்க?”

“படத்தோட ஓட்டத்துக்கு ஒத்துவரலம்மா.”

அதற்குள் மேடையில் நின்ற கிபோம் மைக்கில், “மான்சிக்கோட அக்காவும் வந்திருக்காங்க. வாங்கக்கா, சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கலாம்” என்று கூப்பிட்டான். கூட்டம் கை தட்டியது. அக்கா ஏறிப் போனார். சிரித்துக்கொண்டு நிற்கப் போகிறாரோ என்று நான் சீட்டிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

அவர் கிபோமின் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

“என் தம்பி தொலைஞ்சு போகல. அவன் ராணுவத்துல இருந்தான். விலாசம் இவங்க எல்லாருக்கும் தெரியும். இவங்கதான் அவனை விட்டுட்டுப் போனாங்க. என் வீட்ல உக்காந்து இவனே சொன்னான். இல்லையாடா?”

கிபோம் தலையைக் குனிந்துகொண்டு, “ஆமாக்கா” என்றான். முன்வரிசையில் இருந்த எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

அக்கா மைக்கை அவன் வாய்க்கு நேராக நீட்டினார்.

“இதுல சொல்லு.”

அவன் இயக்குநரைப் பார்த்தான்.

“அங்க என்ன பார்வை? சீக்கிரம் சொல்லு. ரெண்டு வருஷம் காத்துக்கிட்டிருக்க நான் என் தம்பி இல்ல.”

ஆயிரக்கணக்கான பேர் முன்னால் பாடிப் பிழைக்கிறவன். தியேட்டர் முழுக்க ஒலிபெருக்கியில் அவன் மூச்சு வாங்குவது மட்டும்தான் கேட்டது. அக்கா கையைத் தாழ்த்தாமல் அப்படியே நின்றார்.