சேலையில் எழுப்பிய சுவர்

மதுரையில் எங்கள் தெரு வீடுகள் இரண்டிரண்டாக நிற்கின்றன. சுதந்திரத்துக்கு முன்பு மில் ஆட்களுக்காக, நடுச்சுவரைப் பொதுவாக வைத்துக் கட்டியவை. வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை சேர்ப்பதென்று முடிவானபோது வரைபடம் போட்டவள் நான்தான், சிவில் படித்திருக்கிறேன். தேவைகளை வரிசைப்படுத்திக்கொண்டேன்: கட்டில், மேசை, கிழக்கே ஜன்னல், சாத்திக்கொள்ள ஒரு கதவு.

ஒட்டிய வீட்டு அத்தை பின்ஜன்னலோரம் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறார். அவரிடம் வரைபடத்தைக் காட்டினேன்.

“நல்லாருக்கு தாயி. என் ஊசிக்கு வெயில் வருமா?”

அப்போது தை மாதம். சூரியன் தெற்கே ஒதுங்கி எழும்; எங்கள் வீடோ அவருக்குத் தெற்கே. என் சுவர் அதை மறைக்கும். கணினியில் நிழலைக் கணக்கிட்டிருந்தேன். ஆனால் எவ்வளவு நிழல் தாங்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை எல்லையோரம் இரண்டு சவுக்குக் கம்புகளை நட்டு, சுவர் வரவேண்டிய உயரத்துக்கு அம்மாவின் மஞ்சள் சேலையைக் கட்டினேன். காற்றே இல்லை. இளவெயில் சேலைக்குள் புகுந்து ஜன்னல், மிஷின், அத்தையின் கை எல்லாவற்றையும் மஞ்சளாக்கியது. தண்ணீருக்கடியில் உட்கார்ந்து தைப்பவர்போலத் தெரிந்தார்.

“மதினி, செங்கல் எதுக்கு? சேலையிலயே கட்டச் சொல்லுங்க ஒங்க மகள!” என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

சேலைமேல் போர்வையைப் போட்டேன். ஜன்னல் இருண்டது. உசிலம்பட்டிக் கல்யாணத்துக்கான நீல ஜாக்கெட்டை அவர் கண்ணருகே கொண்டுபோனார்.

“நூலு நீலமா பச்சையான்னே தெரியல. சரி, லைட்டப் போட்டுக்கிருவேன். நீ கட்டு.”

“இல்ல அத்த, இறக்குறேன். வெளிச்சம் பத்துனதும் சொல்லுங்க.”

முடிச்சுகளை மெல்ல இறக்கினேன். வெயிலின் விளிம்பு ஜன்னல் கம்பிகளில் வழிந்து, அவர் தோளில் தயங்கி, ஊசியைத் தொட்டது.

“போதும்.”

துணி என் தலைக்குச் சற்று மேலே இருந்தது. அந்த உயரத்தில் தட்டையாகக் கூரை போட முடியாது. சாய்க்கலாம்: எங்கள் பக்கம் உயர்ந்து, அவர் பக்கம் தாழ்ந்த ஓட்டுக்கூரை. தாழ்ந்த பக்கத்தில் கட்டில். படுத்துக் கனவு காண்பவளுக்கு உயரம் எதற்கு?

அம்மாவுக்கு மொட்டைமாடி போன வருத்தம். “இம்புட்டுப் படிச்சிட்டு, குனிஞ்சு போற வீடால்ல கட்டுறா!”

“அது கெடக்கட்டும், ஓட்டுத் தண்ணி எங்க விழும்?” என்றார் அத்தை.

“ஓட்டு விளிம்புல தகரத்துல வாரி வச்சு, தண்ணிய எங்க பக்கமே இறக்கிருவேன்.”

“அப்பக் கட்டு” என்று மிஷினை மிதிக்கத் தொடங்கினார். நான் கம்பில் அந்த உயரத்தைக் கரியால் குறித்தேன்.