எதிர்வீட்டுக்கு வந்த கேசட்

எனக்குச் சந்தேகப் புத்தி. என் வீட்டுக்காரரே வருஷக்கணக்காகச் சொல்வதுதான். அமெரிக்காவில், ஃப்ரீமான்ட் அபார்ட்மென்டில் எங்கள் கதவுக்கு நேர் எதிரே ஒரு பாலஸ்தீனப் பெண் தனியாகக் குடிவந்தபோது, அந்தப் புத்திக்கு முழுநேர வேலை கிடைத்தது. எனக்குத்தான் வேலை பார்க்க அனுமதி இல்லை. கிரீன் கார்டுக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்த காலம், தொண்ணூறுகளின் நடுப்பகுதி.

அவள் வீட்டுக்கு வாரத்தில் நாலைந்து பேர் வருவார்கள். எல்லாரும் அவள் பாஷை பேசுகிறவர்கள். யாரும் உள்ளே போவதில்லை. வாசலில் நின்றே ஒரு சின்னக் கவரைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். கதவிலிருந்த ஓட்டை வழியாக நான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். குக்கர் எத்தனை விசில் விட்டது என்பதே மறந்துபோகும்.

“ஏனுங்க, அவ என்னமோ கடத்தறா.”

“சும்மா இரு. ஏதோ ஆர்ட் பண்றாளாம். லாண்டரி ரூம்ல சொன்னா.”

“கவருக்குள்ள என்னங்க ஆர்ட்டு? நாளைக்கு போலீஸ் வந்து எதிர்வீட்டுல யாருன்னு கேட்டா, நம்ம பேரும் ஃபைல்ல ஏறும். அப்புறம் கிரீன் கார்டு கெடச்ச மாதிரிதான்!”

மறுநாளிலிருந்து அவரும் அவளைப் பார்த்தால் வெறும் தலையாட்டலோடு நிறுத்திக்கொண்டார்.

ஒரு மத்தியானம் எங்கள் காலிங் பெல் அடித்தது. கோட்டு போட்ட ஒரு பெரியவர். எதிர்வீடு பூட்டியிருக்கிறது, இதை அவள் கையில் கொடுத்துவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லி ஒரு கவரை நீட்டினார். யோசிக்குமுன் வாங்கிவிட்டேன். கதவைச் சாத்திவிட்டுத் தடவிப் பார்த்தால், உள்ளே சின்னதாக ஒரு கேசட். வைத்திருந்தால் சாட்சி, கொடுத்தால் நானும் கூட்டாளி. பழைய சாம்பாரோடு சேர்த்துக் கட்டிக் கீழே குப்பைத்தொட்டியில் போட்டேன். மறுநாள் காலை குப்பை லாரி வந்து அள்ளிப்போகும் வரை ஜன்னலை விட்டு நகரவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவள் எங்களைத் தன் கண்காட்சிக்கு அழைத்தாள். “போகலைன்னாத்தான் சந்தேகப்படுவாங்க” என்று வீட்டுக்காரரை நான்தான் கிளப்பினேன். ஒரு சமூகக்கூடத்தில் வரிசையாகச் சமையலறை மேஜைகள். ஒவ்வொன்றிலும், போனை எடுக்க ஆளில்லாதபோது பேச்சைச் சின்னக் கேசட்டில் பதிந்துவைக்கிற ஒரு பழைய ஆன்ஸரிங் மெஷின். பொத்தானை அமுக்கினால் யாரோ போனில் விட்டுவைத்த அரபுப் பேச்சு. பக்கத்தில் ஆங்கிலத்தில் அர்த்தம். ‘போனை எடேன், நீ வீட்டில்தான் இருக்கிறாய் என்று தெரியும்.’ ‘தக்காளி வாங்கிவா, ரொம்பப் பழுத்தது வேண்டாம்.’ ‘சாப்பிட்டாயா?’ ஊர் பறிபோய் நாலு தேசம் அலைந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது இவ்வளவுதான். அட கடவுளே! எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அந்தப் பெரியவர் என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி வந்தார். என் மனைவியின் மெஷின் எது, தேடிக்கொண்டே இருக்கிறேன் என்றார். மனைவி போன குளிர்காலத்தில் இறந்துவிட்டாராம். ரொட்டி வாங்கிவரச் சொன்ன அந்த ஒரு கேசட்டில்தான் அந்த அம்மாவின் குரல் இருந்ததாம். அதற்குள் எதிர்வீட்டுக்காரியும் வந்துவிட்டாள். எந்த கேசட் என்று கேட்டாள். அவர் என்னைக் காட்டினார்.

“அன்னிக்கே உங்ககிட்ட கொடுத்துட்டேனே,” என்றேன் அவளிடம், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். “மறந்துட்டீங்களா?”

அவள் ஒரு நொடிகூட என்னைச் சந்தேகப்படவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பாஷையில் என்னவோ சொல்லிச் சொல்லி அழுதாள். அவர்தான் அவளைத் தேற்றினார். நான் பக்கத்தில் மரம்போல நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அடுத்த வாரம் அவள் எங்கள் கதவைத் தட்டினாள். வீடு முழுக்கத் தேடிவிட்டேன், சோபாவுக்கு அடியில்தான் பார்க்கவில்லை, கொஞ்சம் வந்து பிடிக்க முடியுமா என்றாள். போனேன். நான் ஒரு முனையைத் தூக்க, அவள் தரையில் படுத்துக் கையை உள்ளே விட்டுத் துழாவினாள்.

இன்னும் கொஞ்சம் தூக்குங்கள் என்றாள். தூக்கினேன்.