ரோதமுனி சேவலில் வைத்த சூப்

எங்கள் வீட்டுக்குள் அம்மாவின் குரல் வராது. அதைக் கேட்க வேண்டுமானால், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக்குப் பின்னால் உள்ள படிகளில் ஏறி, தண்ணீர்த் தாங்கியின் மேல் போய் நிற்க வேண்டும். வட்டகொடை ஊருக்கு மேலே மலையில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் போனுக்குச் சிக்னல் கிடைத்த ஒரே இடம் அதுதான். பாதி வீட்டு அம்மாக்கள் வெளிநாட்டில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் தாங்கியின் மேல் கால் வைக்க இடம் இருக்காது. ஒவ்வொருவரும் ஒரு காதைப் பொத்திக்கொண்டு தங்கள் தங்கள் அம்மாவிடம் கத்திக்கொண்டிருப்போம்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஒன்றே முக்கால் வருடம் ஆகியிருந்தது. ஒப்பந்தம் இரண்டு வருடம். தீபாவளிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். நான் கலண்டரில் அந்த நாளைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுப் போட்டு, தாளே கிழிந்துவிட்டது.

அம்மா திரும்பி வருவதற்குப் பொறுப்பாக இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ரோதமுனி. அப்பா வேலை செய்த தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோதைகளுக்கு, அதாவது இயந்திரச் சக்கரங்களுக்கு, காவல் சாமி அவர். ஃபெக்டரிக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் கல்லும் சூலமுமாக நிற்பார். புறப்படும் அன்று அம்மா அவரிடம், நல்லபடியாகத் திரும்பி வந்தால் ஒரு சேவல் அறுப்பதாக நேர்ந்துகொண்டார். ரோதைச் சாமிக்கும் குவைத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குச் சந்தேகம் வந்தது உண்மைதான். விமானத்துக்கும் சக்கரம் உண்டு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இன்னொருவர் அந்தச் சேவல். குஞ்சாக இருந்தபோதே அதன் காலில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டார்கள். சாமிக்கு நேர்ந்ததை விற்கக் கூடாது, அடிக்கக் கூடாது, தின்னவே கூடாது. இது அதற்கும் எப்படியோ தெரிந்திருந்தது. மாவு வாளிக்குள் தலையை விடும், அப்பாவின் தலையணையில் எச்சம் போடும், விரட்டினால் நின்று முறைக்கும். அப்பா பேச்சு குறைந்த மனிதர். அவருக்கு ஃபெக்டரியில் முறை வேலை வேறு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் இருப்பது அந்தச் சேவல் மட்டும்தான். கணக்குப் பாடத்தில் வாங்கிய அடியில் இருந்து அம்மா அனுப்பிய சட்டை சின்னதாகப் போனது வரைக்கும் எல்லாவற்றையும் அதனிடம் சொல்லியிருக்கிறேன். அது தலையைச் சாய்த்துக் கேட்கும். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆடி மாதத்து மழையில் அப்பா காய்ச்சலில் விழுந்தார். மூன்று நாள் ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. மாத்திரை கொடுத்தால் அதுவும் திரும்பி வந்தது. தோட்டத்து மருந்து கொடுக்கும் ஐயா குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கே வந்து பார்த்தார்.

"வெறும் வயித்துல மாத்திர நிக்காது. சூடா கோழி சூப் வச்சுக் குடு புள்ள. இன்னிக்கும் ஒண்ணும் உள்ள போகலன்னா, நாளைக்கு ஆள வச்சுத் தூக்கிக்கிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

மண்மேடு சரிந்து தலவாக்கலை டவுனுக்குப் போகும் பாதை மூடிக் கிடந்ததால்தான் அப்படிச் சொன்னார். சூப் வை என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றத் தெரியும். சோறு பொங்கத் தெரியும். ரொட்டி சுட்டால் ஒரு பக்கம் கருகும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அப்பா போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை தவிர வேறு நாளில் கூப்பிடக் கூடாது என்பது அம்மாவின் கண்டிப்பு. அன்று செவ்வாய்க்கிழமை. தாங்கியின் மேல் என்னைத் தவிர யாரும் இல்லை. மழையில் போனை முந்தானை மாதிரி ஒரு துவாயால் மூடிக்கொண்டு கூப்பிட்டேன். அம்மா எடுத்து, குசுகுசுவென்று பேசினார்.

"என்னா பாப்பா, என்னா ஆச்சு?"

அழுதுகொண்டே சொன்னேன். கோழி வாங்க முடியாதா என்று கேட்டார்.

"ரோடு மூடிக் கெடக்கும்மா. லயத்துல இருக்கிறதெல்லாம் முட்ட போடுற கோழிங்க, யாரும் தர மாட்டேங்கிறாங்க. நம்ம சேவல்தான் இருக்கு. ஆனா அது சாமிக்கு நேந்ததாச்சே. அத அறுத்துட்டா நீங்க வர முடியாதே?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதென்று நினைத்துத் தாங்கியின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடினேன். "அம்மா, கேக்குதா? அம்மா, கேக்குதா?" என்று தொண்டை வலிக்கக் கத்தினேன்.

"கேக்குது பாப்பா," என்றார் கடைசியில். "அதையே அறுக்கச் சொல்லு. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

குவைத்தில் இருந்துகொண்டே ரோதமுனியிடம் பேசும் அளவுக்கு அம்மாவுக்குச் செல்வாக்கு இருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது.

பக்கத்து வீட்டு மாமாதான் அறுக்க வந்தார். சேவலின் காலைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"இது நேந்த சேவலாச்சே புள்ள?"

"அம்மாதான் சொன்னாங்க மாமா."

"அம்மாவே சொல்லிருச்சா?" என்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அப்ப சரி," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மஞ்சள் கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். நான் அதைப் பென்சில் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்க் காதைப் பொத்திக்கொண்டேன். என்ன பொத்தியும் கேட்டது.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அம்மா சமையல் முறையைக் குரல் செய்தியாகத் துண்டு துண்டாக அனுப்பினார். நான் ஒரு துண்டைக் கேட்பேன், கீழே ஓடுவேன், அதைச் செய்துவிட்டு அடுத்த துண்டுக்கு மேலே ஓடுவேன். "மஞ்சத்தூள் போட்டுக் கழுவு. சட்டியில போட்டு, கறி முங்குற அளவுக்குப் பச்சத்தண்ணி ஊத்து." ஊற்றினேன். ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இன்னும் ஊற்றலாமா என்று கேட்க மேலே ஓடினேன். "கொதிக்கிறப்ப நொர கட்டும், பயந்துராத, கரண்டியால எடுத்து ஊத்திரு." நுரையைப் பார்த்துப் பயந்துதான் போனேன். கவ்வாத்து என்று தேயிலைச் செடியைக் கத்தரிக்கும்போது விழும் மிளாறுக் குச்சிதான் விறகு. அது மழையில் நனைந்து, எரிவதை விட அதிகமாகப் புகைந்தது. இஞ்சி, பூண்டு, தட்டிய மிளகு, முழு வெங்காயம், ஒரு கரட், லீக்ஸின் வெள்ளைப் பாகம். "உப்பக் கடைசியாப் போடு. தீய சின்னதா வையி. நாட்டுச் சேவல், ரெண்டு மணி நேரமாச்சும் ஆகும். கிண்டிக்கிட்டே இருக்காத, அதும்பாட்டுக்கு இருக்கட்டும்." அங்கே அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தினமும் வைப்பது இதே சூப்தானாம்.

ஒவ்வொரு செய்தியிலும் பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அங்கேயும் மழையா என்று கேட்டு அனுப்பினேன். ஆமாம் என்று பதில் வந்தது. வீட்டுக்காரர்களுக்குக் கேட்காதபடி குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசியிருக்கிறார் என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் புரிந்தது.

மாலையில் சூப்பைக் கோப்பையில் ஊற்றி எடுத்துப் போனேன். அப்பா எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, எங்கே கிடைத்தது கோழி என்று கேட்டார். சொன்னேன்.

"அம்மாவா அறுக்கச் சொன்னா?"

"ஆமாப்பா. சாமிகிட்ட அவங்களே சொல்லிக்கிறாங்களாம்."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். உப்புச் சரியில்லையோ என்று நினைத்தேன். பிறகு அதை எடுத்து அடி வரைக்கும் குடித்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் ஊத்து பாப்பா," என்றார். அதுவும் உள்ளே நின்றது. அதன் பின் விழுங்கிய மாத்திரையும் நின்றது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு ஒரு கால் துண்டு மிச்சம் இருந்தது. அதைத் தின்ன மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்துக் கதைகளைச் சொல்ல யாருமில்லாமல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தீபாவளிக்கு அம்மா வரவில்லை. இன்னும் இரண்டு வருடம் இருக்க வேண்டியதாகிவிட்டது என்று அப்பா ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். எனக்குக் காரணம் சொல்லத் தேவை இருக்கவில்லை. நான் வைத்த சூப்தான் காரணம். சாமியின் பொருளைச் சட்டியில் போட்டவள் நான். அம்மா எவ்வளவு சொல்லியும் ரோதமுனி கேட்கவில்லை. யாரிடமும் இதைச் சொல்லாமல் ஒரு குஞ்சு வாங்கி, பென்சில் பெட்டியில் இருந்த பழைய கயிற்றையே அதன் காலில் கட்டினேன். வெள்ளிக்கிழமைதோறும் ஃபெக்டரிக்குப் பின்னால் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த இரண்டாவது சேவலிடம் நான் பேசவே இல்லை.

நான் எட்டாம் ஆண்டு படிக்கும்போது அம்மா வந்தார், அந்தச் சேவலும் அறுபட்டது.

போன மாதம் கொழும்பில் நான் தங்கியிருக்கும் அறையில் எனக்குக் காய்ச்சல். கூட இருப்பவர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். தனியாக எழுந்து, கடைக் கோழி வாங்கி சூப் வைத்தேன். அடுப்பில் சட்டி இருக்கும்போதே அம்மாவைக் கூப்பிட்டேன். பேச்சுவாக்கில், இத்தனை வருடம் மனதில் வைத்திருந்ததைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"நான் அந்தச் சேவல சமைச்சதாலதான் நீங்க வரலன்னு ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேம்மா."

"ஐயோ பாப்பா, அப்படியா நெனச்ச?" என்றார் அம்மா. "நீ கூப்புடுறதுக்கு ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். ஒங்கிட்ட எப்புடிச் சொல்றதுன்னு..."

அதற்கு மேல் அந்தப் பக்கம் சத்தம் இல்லை. கொழும்பில் சிக்னலுக்குக் குறைவில்லை. இந்த முறை நான், "அம்மா, கேக்குதா?" என்று கேட்கவில்லை.