சிவப்பாகத் தெரிந்த தோப்பு

கமலவேணி டீச்சர் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் ஒரு பஸ் கண்டக்டர். பாலவனத்தத்தில் ஏறி டிக்கெட் வாங்கும்போது, "தமிழய்யா, உங்க ஸ்கூல்ல படம் காட்டுவாகளே ஒரு டீச்சர், அவுக தவறிட்டாகளாமே" என்றார். அருப்புக்கோட்டையில் இறங்கி அவர் வீட்டுக்குப் போனபோது வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். எல்லாம் முந்தின நாளே முடிந்திருந்தது. கூட வேலை பார்த்த ஒருவருக்குக்கூட எனக்குச் சொல்லி அனுப்பத் தோன்றவில்லை. டீச்சரைப் பற்றிய பல விஷயங்களில் அவர்களுக்கு எதுவும் தோன்றாமலே போனதை அறிந்தவன் நான். அதனால் ஆச்சரியப்படவில்லை.

திருச்சுழிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் தமிழும் அவர் அறிவியலும் நடத்தினோம். அவர் நெசவாளர் வீட்டுப் பெண். வீட்டில் தெலுங்கு, வெளியே நம் ஊர்த் தமிழ். தினமும் அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். புத்தகத்தில் இருக்கும் படம் போதாது என்பது அவர் கட்சி. மதுரையில் எங்கேயோ கேட்டு வாங்கிய பழைய ஸ்லைடு புரொஜக்டரைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருவார். வகுப்பு ஜன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்குவார். நிலாவிலிருந்து எடுத்த பூமியின் படத்தைச் சுவரில் விழவைத்த அன்று ஒரு பையன், "இதுல நம்ம ஊரு எங்க டீச்சர்?" என்று கேட்டான். "உள்ள தான்டா இருக்கோம். கண்ணுக்குத் தெரியலைங்கிறதுக்காக இல்லைன்னு சொல்லிறாத" என்றார். பக்கத்து அறையில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்த எனக்கும் அது கேட்டது. என் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேர் அந்தச் சுவரில்தான் காதை வைத்திருந்தார்கள்.

ஒரு கோடையில் கண்மாய்க்குள் வெடித்துக் கிடந்த மண்ணை அள்ளிவரும்படி பிள்ளைகளிடம் சொன்னார். முதலில் ஒரு படத்தைக் காட்டினார். கண்ணாடி மாதிரி உடம்பும் வரிசையாகக் கால்களும் உள்ள ஒரு பூச்சி, சுவர் முழுக்கப் பெரிதாக்கப்பட்டு நின்றது. "இது நீங்க மிதிச்சுட்டு வந்த மண்ணுக்குள்ள முட்டையா கிடக்கு" என்றார். ஒரு பிள்ளையும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. மண்ணைத் தொட்டித் தண்ணீரில் போட்டு வைத்தார். சில நாள் கழித்து லென்ஸ் வழியாகப் பார்த்தால் தூசி தூசியாக உயிர்கள் நீந்துகின்றன. தலைமையாசிரியர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நாத்தத்தைக் கொட்டுங்கம்மா" என்றார். பிள்ளைகள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் என் வகுப்பில் ஒளித்து வைத்தார்கள்.

இனிமேல் சொல்லப்போவது பலருக்குப் பிடிக்காது. பிடிக்காதவர்களில் பலர் அப்போது பக்கத்திலேயே இருந்தவர்கள்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பயிற்சி முகாமிலிருந்து டீச்சர் பெரிய படம் ஒன்றைச் சுருட்டி எடுத்து வந்தார். செயற்கைக்கோள் எடுத்த நம் பகுதியின் படம். அந்தக் கேமரா நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தையும் பார்க்கும். பச்சை இலை அந்த வெளிச்சத்தை நிறையத் திருப்பி அனுப்பும், அதைப் படத்தில் சிவப்பாக அச்சிடுவார்கள். இதைப் பிள்ளைகளுக்கு ஒரே வரியில் சொன்னார்: "உசுருள்ள இலை எங்கயோ, சிவப்பு அங்க." கோடையில் எடுத்த படம். ஊர் முழுக்கச் சாம்பலும் வெளுப்புமாகக் கிடந்தது. நடுவே நகக்கண் அளவுக்கு ஒரு செக்கச்சிவந்த சதுரம்.

பள்ளிக் கண்காட்சியில் அந்தப் படத்தை விளக்கும் வேலை ஒன்பதாம் வகுப்புப் பாண்டியம்மாளுக்கு. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் வந்து நின்றார். ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். "இந்தப் படத்துல சிவப்புன்னா பச்சைங்கய்யா" என்று அவள் ஆரம்பித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். "இந்தச் சிவப்பு உங்க தோப்பு" என்றாள் அடுத்து. தலைவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "மேல இருந்து பாத்தா நம்ம ஊர்ல என் தோப்பு ஒண்ணுதான் தெரியுதாக்கும்" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஊர்ச் சாவடியில் மாட்டினார். சந்தனமும் குங்குமமும் வைத்தார். மல்லாங்கிணற்றுச் சம்பந்தகாரர்களைக் காரில் கூட்டிவந்து காட்டினார். ஒவ்வொரு தடவையும் பாண்டியம்மாளைக் கூப்பிட்டு விளக்கச் சொல்வார். டீச்சர் இதைப் பார்த்துச் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. "நான் பத்து வருசம் கத்துனாலும் இத்தனை பேரு படம் பாக்க வரமாட்டாக தமிழய்யா. அவுக பெருமையில நம்ம பாடம் நடக்குது" என்றார்.

ஒரு நாள் கடைமடை விவசாயி ஒருவர் படத்தின் மேல் விரல் வைத்து, "தாயி, நூலாட்டம் இந்தச் சிவப்புக் கோடு என்னது?" என்று கேட்டார்.

"நம்ம கண்மாய்க்குத் தண்ணி வர்ற வரத்துக்கால் தாத்தா. ரெண்டு கரையிலயும் சீமைக்கருவேலம் நிக்குதுல்ல, அதான் சிவப்பா தெரியுது."

"தோப்புக்கு மேக்க இருக்கு. கெழக்க காணமே?"

"ஆமா தாத்தா. தோப்போட நின்னுருது" என்றாள் அந்தப் பிள்ளை. அவள் பார்த்ததைச் சொன்னாள்.

சாவடியில் இருந்தவர்கள் எழுந்து படத்துக்குப் பக்கத்தில் வந்தார்கள். கண்மாய்க்குத் தண்ணீர் வராததற்கு மேற்கே இருக்கும் மேலூர்க்காரன்தான் காரணம், அவன்தான் வரத்துக்காலை அடைத்துவிட்டான் என்று வருசக்கணக்காகச் சொல்லி வந்தவர் தலைவர். அவர் பேச்சை நம்பி நம் ஊர்க்காரர்கள் மேலூரில் போய் மண்டையை உடைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். முள்ளுக்குள் நுழைந்து பார்க்க ஒருவருக்கும் வழியில்லை. இப்போது அவரே சட்டம் போட்டு மாட்டிய படம், வரத்துக்காலை மறித்திருப்பது அவர் தோப்புதான் என்று காட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் சாவடியில் ஆணி மட்டும்தான் இருந்தது. டீச்சர் ஊருக்குள் சண்டை மூட்டுகிறார் என்று மேலிடத்துக்குப் புகார் போனது. விசாரிக்க வந்த அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். படம் பிழையாக இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தால் போதும், மாற்றல் இல்லாமல் அங்கேயே இருக்கலாம் என்றார். "பிழையா இருந்தா நானே எழுதித் தருவேன் சார். வாங்க, தோப்பு வரைக்கும் நடந்து போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றார் டீச்சர். அதிகாரிக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை.

டீச்சரை விசாரணைக்காக விருதுநகருக்கு வரச்சொல்லியிருந்த ஒரு காலையில், பிரார்த்தனைக் கூட்டத்தில் பாண்டியம்மாளைத் தலைமையாசிரியர் முன்னால் கூப்பிட்டார். "நான் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை, சொன்னது தப்பு" என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வைத்தார். நான் குறுக்கே போய், "பிள்ளையை ஏன் சார்?" என்றேன். "உங்க பாடத்தைப் பாருங்க தமிழய்யா" என்றார். மற்ற ஆசிரியர்கள் கொடிக்கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளை சொல்லி முடித்துவிட்டு வரிசையில் போய் நின்றாள். அதன்பிறகு என் வகுப்பிலும் அவள் கை தூக்கவில்லை.

டீச்சருக்கு வருடத்தின் நடுவிலேயே தூரத்து ஊருக்கு மாற்றல் வந்தது. பஸ் ஏற்றிவிட வந்தது நானும் சில பிள்ளைகளும்தான். அன்று கேள்வி கேட்டவரையும் மற்றக் கடைமடை விவசாயிகளையும் காணோம். அந்தப் போகம் தலைவர் தன் கிணற்றிலிருந்து அவர்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டிருந்தார். அதோடு கேள்வியும் நின்றுபோனது. அடுத்த போகம் தண்ணீரும் நின்றுபோனது.

போன வருடம் டீச்சரை வீட்டில் பார்த்தேன். உடம்பு மெலிந்திருந்தார். பேச்சு அங்கேதான் போய் நின்றது. "போகட்டும், விட்டுத்தள்ளுங்க டீச்சர்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"எதை விடச் சொல்றீக? என்னைய மாத்துனதை அன்னைக்கே விட்டுட்டேன். கண்ணால பாத்துச் சொன்ன பிள்ளைய, பாக்கலைன்னு சொல்ல வச்சாகளே, அதை எப்படி விடுறது? அதுக்கு மன்னிப்புக் கிடையாது தமிழய்யா. செத்தாலும் கிடையாது." சொல்லிவிட்டு எனக்குக் காபி ஊற்றினார்.

சென்ற வாரம் பள்ளியில் அவருக்குப் படத்திறப்பு நடத்தினார்கள். திறந்து வைத்தவர் அதே தலைவர். "எங்களுக்குள்ள சின்ன மனத்தாங்கல் இருந்துச்சு. டீச்சர் தங்கமான மனசு, எல்லாத்தையும் மன்னிச்சுட்டாக" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்னாள் தலைமையாசிரியர் தலையசைத்தார். கூட்டம் கைதட்டியது. என்னைப் பேசக் கூப்பிடவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

டீச்சரை அறிந்தவர்களே, அவர் யாரையும் மன்னிக்கவில்லை. அவர் பெயரைச் சொல்லி யாரும் மன்னிப்பை எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தவை பல இருக்கலாம். ஆனால் நான் விடாமல் வைத்திருக்கப்போவது அந்த மன்னிக்காத மனசு ஒன்றைத்தான்.